முழங்கால் என்ன விலை?

அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் சில வருடங்கள் ஏஆர் காலராக, அதாவது வராத பில் பணத்தை ஃபோனில் துரத்துகிறவனாக, இருந்தவன் நான். சென்னை, திருச்சி, கோவை என்று இந்த வேலையில் ஒருத்தராவது இல்லாத தெரு இன்று அபூர்வம் என்பதால் நிறைய விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் கேப் வரும். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டினால், விடிகிற வரைக்கும் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டு, இந்த க்ளெய்முக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல நாள் எதிர்முனையில் பேசுகிறவரும் அமெரிக்காவில் இருக்க மாட்டார், மணிலாவில் இருப்பார். ஒஹையோவில் ஒருத்தருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிச் சென்னையில் நானும் மணிலாவில் ஒரு பெண்ணும், இரண்டு பேருமே தூக்கக் கலக்கத்தோடு, அரைமணி நேரம் பேசுவோம். கடைசியில், முன் அனுமதி வாங்காததால் சிஓ-197 என்ற குறியீட்டைப் போட்டு மறுத்திருப்பதாகச் சொல்லி ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் கொடுப்பார். அதை நான் நோட்ஸில் ஏற்றுவேன். முழங்காலுக்குச் சொந்தக்காரருக்கு இப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. (ஒஹையோ என்பது உத்தேசம்தான். நோயாளி விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்கிற ஹிப்பா சட்டம், வேலையை விட்ட பிறகும் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது.)

வேலையை விட்டாலும் அதோடு சேர்ந்த ஒரு சண்டை என்னை விடவில்லை. என் அத்தை மகன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறார். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, நியூ ஜெர்சியில். அத்தானுக்கு முழங்காலில் சவ்வு கிழிந்திருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தார்கள். தேதி மாதக்கணக்கில் தள்ளிக் கிடைத்தது. "இங்க வாங்க அத்தான், இந்த வாரமே எடுத்துரலாம்" என்று குடும்பக் குழுவில் எழுதினான் தம்பி. "எடுத்துட்டு வீட்டை எழுதிக் குடுத்துட்டு வரணுமா?" என்றார் அத்தான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒருவர் வரிசையைப் பற்றியும் இன்னொருவர் பில்லைப் பற்றியும் மாற்றி மாற்றிப் படம் அனுப்பினார்கள். நடுவில் என்னை இழுத்து, "உனக்குத்தான் உள்ள நடக்கிறதெல்லாம் தெரியுமே, நீ சொல்லு, ஏன் அங்க மட்டும் இவ்வளவு ஆகுது?" என்றார் அத்தான். ஏதோ சொன்னேன். எனக்கே அது திருப்தியாக இல்லை.

எல்லோரும் சொல்கிற காரணங்களைத்தான் நானும் சொல்லியிருப்பேன். அமெரிக்கர்கள் கண்டதைச் சாப்பிடுகிறார்கள், எதற்கெடுத்தாலும் கேஸ் போடுகிறார்கள், தும்மினால் டாக்டரிடம் ஓடுகிறார்கள். கடைசிக் காரணம் உண்மையே இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக ஓர் அமெரிக்கர் மருத்துவரைப் பார்ப்பது நான்கு தடவை அளவுக்குத்தான். ஜப்பானியர் 12 தடவை வரை பார்க்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களும் அமெரிக்காவில் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் 2023-ல் தலைக்கு 14,570 டாலர், நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம் மருத்துவத்துக்குப் போயிருக்கிறது. கனடாவில் இது 12 சதவீதத்தை ஒட்டி. குறைவாகப் போகிறார்கள், அதிகமாகக் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் கொடுக்கிற விலைதான் வேறு. இது எனக்கு எந்தக் கட்டுரையும் படிக்காமலே தெரிந்திருக்க வேண்டியது, ஏனென்றால் அந்த விலை தினமும் என் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சிஓ-45

ஏஆரில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் முதலில் குழம்புவது சிஓ-45 என்ற கோடில் (குறியீட்டில்). மருத்துவர் ஒரு தொகைக்கு பில் அனுப்புகிறார். இன்சூரன்ஸ் அதில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு நேராக இந்தக் கோடைப் போடும். நம் ஒப்பந்த விலைக்கு மேல் கேட்டிருக்கிறாய், மேலே உள்ளதைத் தள்ளிவிடு என்று அர்த்தம். ஆயிரம் டாலர் பில்லில் 700 டாலர் இப்படிக் காணாமல் போவதைப் பார்த்து நான் பதறியபோது எங்கள் டிஎல் (டீம் லீடர்) அண்ணா சிரித்தார். "அதைக் கண்டுக்காத. அது டினையலே இல்ல. எல்லா இஓபியிலயும் வரும்." (டினையல் என்றால் க்ளெய்மை மறுப்பது; இஓபி என்பது எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்சூரன்ஸ் அனுப்புகிற கணக்குச் சீட்டு.) எல்லாவற்றிலும் தள்ளுபடி ஆகும் என்றால் முதலில் ஏன் அவ்வளவு கேட்கிறார்கள்? ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் புடவை விலையை ஏற்றி ஒட்டுகிற கதையா? கிட்டத்தட்ட அப்படித்தான். பல ஒப்பந்தங்களில், ஒப்பந்த விலை, பில் தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கொடுப்போம் என்று ஒரு வரி இருக்கும். சில ஒப்பந்தங்கள் பில் தொகையில் இத்தனை சதவீதம் என்றே இருக்கும். ஆகவே எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கக்கூடிய அதிகபட்சத்துக்கும் மேலே ஒரு தொகையைப் போட்டு வைப்பது ஆஸ்பத்திரிக்குப் பாதுகாப்பு. புடவைக் கடையில் ஏற்றி ஒட்டிய விலைக்கு யாரும் வாங்க வேண்டியதில்லை. இங்கே ஒருத்தர் உண்டு: இன்சூரன்ஸ் இல்லாதவர். அவருக்கு ஒப்பந்தம் இல்லை, அதனால் சிஓ-45 இல்லை.

இது எனக்கு முழுசாக உறைத்தது ஒரு சாதாரண இரவில். அன்றைக்கு வந்த வேலைப் பட்டியல் ஒரே ஸ்கேன் சென்டருடையது. வரிசையாகப் பல க்ளெய்ம்களில் ஒரே கோடு, 73721. சாயம் ஏற்றாமல் எடுக்கிற கால் மூட்டு எம்.ஆர்.ஐ., பெரும்பாலும் முழங்கால். ஒரே மெஷின், ஒரே டெக்னீஷியன், ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட்டும் அநேகமாக ஒருத்தரே. பில் தொகை எல்லாவற்றிலும் ஒன்றுதான், 1,000 டாலருக்கு மேல். 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு அரசின் மெடிக்கேர் அனுமதித்த தொகை 200 டாலர் சொச்சம். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் அதற்கும் கீழே. ஒரு தனியார் கம்பெனி 400-ஐத் தொட்டிருந்தது. இன்னொரு தனியார் கம்பெனி 600-ஐத் தாண்டியிருந்தது, அதுவும் பெரிய கம்பெனிதான். கடைசியில் ஒருவர், இன்சூரன்ஸ் கிடையாது, மொத்தத் தொகையும் அவர் தலையில். பெரிய வாங்குகிறவனுக்கு விலை குறையும், சில்லறையாக வாங்குகிறவனுக்கு ஏறும் என்பது எல்லாச் சந்தைக்கும் பொது. ஆனால் இங்கே வாங்குகிறவருக்கு எடுத்த பிறகுதான் விலை தெரிகிறது. தெரிந்தாலும் பேரம் பேசுகிறவர் அவர் இல்லை. அவருக்காகப் பேசுகிற கம்பெனிக்கோ விலை ஏறினால் பெரிதாக வலிப்பதில்லை. அடுத்த வருஷப் பிரீமியத்தில் ஏற்றிக்கொள்ளும்.

சரி, பெரிய கம்பெனி ஏன் அடித்துப் பேசுவதில்லை? ஓர் ஊரில் பிரசவத்துக்கும் இதயத்துக்கும் எல்லோரும் நம்பிப் போகிற ஆஸ்பத்திரி ஒன்றுதான் என்றால், அதைத் தன் பட்டியலில் சேர்க்காத இன்சூரன்ஸை அந்த ஊரில் எந்த முதலாளி வாங்குவார்? ஆஸ்பத்திரிக்கு அது தெரியும். பக்கத்து ஆஸ்பத்திரிகளையும் கிளினிக்குகளையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். 2022-ம் வருடக் கணக்குகளை வைத்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, ஒரே சேவைக்குத் தனியார் இன்சூரன்ஸ்கள் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது மெடிக்கேர் விலையில் சராசரியாக 254 சதவீதம். அதாவது இரண்டரை மடங்கு. இதற்கு மேல், ஒபாமா காலச் சட்டப்படி பெரிய குழுக் காப்பீட்டில் பிரீமியத்தின் 85 சதவீதத்தைச் சிகிச்சைக்கே செலவிட வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். ஆனால் மிச்சமுள்ள 15 சதவீதம் பெருக வேண்டுமென்றால் மொத்தமும் பெருகத்தான் வேண்டும் என்பதை ஒரு பள்ளிப் பையனே கணக்குப் போட்டுவிடுவான்.

இதையெல்லாம் 2003-லேயே நான்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரையில் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பிரின்ஸ்டனில் இருந்த ஊவே ரைன்ஹார்ட், ஜெர்மனியில் பிறந்த பொருளாதார அறிஞர். மற்ற பணக்கார நாடுகளோடு வைத்துப் பார்த்தால் அமெரிக்கர்கள் மருத்துவச் சேவையை அதிகமாகப் பயன்படுத்தவில்லை, விலைதான் அதிகம் என்பது அதன் சாரம். அவர் 2017-ல் காலமான பிறகு, 2019-ல் மற்றவர்கள் புதிய எண்களோடு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை.

அத்தானின் வரிசை

விலைதான் காரணம் என்று அத்தானிடம் சொன்னபோது, அவர் ஏதோ ஜெயித்த மாதிரி எடுத்துக்கொண்டார். அது அவ்வளவு லேசில்லை. அத்தான் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவர்கள். ஆனால் பில் போக வேண்டிய இடம் ஒன்றுதான், ஓஹிப் என்கிற மாகாண அரசின் காப்பீடு. எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று மாகாண அரசும் மருத்துவர் சங்கமும் பேசி முடிவு செய்த பட்டியல் இருக்கிறது. குடும்ப மருத்துவரைச் சாதாரணமாகப் பார்ப்பதற்கு ஏ007 என்று ஒரு கோடு, முப்பத்துச் சொச்சம் டாலர். ஸ்கார்பரோவிலும் அதே, தண்டர் பேயிலும் அதே. அதற்கு மேல் நோயாளியிடம் ஒரு டாலர் கேட்கக் கூடாது. 1984-ல் வந்த கனடா ஹெல்த் ஆக்ட்படி, அப்படி வசூலிக்க விட்ட மாகாணத்துக்கு மத்திய அரசு அந்த அளவு பணத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்களை மாதிரி ஒரு கூட்டம் அங்கே தேவையே இல்லை. அத்தானின் மருத்துவர் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிற பெண்தான் பில்லிங்கும் பார்க்கிறாராம். இதை அவர் போகிற போக்கில் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மாடியில் ஒரு கிளினிக் கூட்டத்துக்காக மட்டும் ஒரு டீமே உட்கார்ந்திருக்கும், கோடிங் தனி, சார்ஜ் என்ட்ரி தனி, பேமென்ட் போஸ்டிங் தனி, ஏஆர் தனி. 2017-ம் வருடத்துக்குக் கணக்குப் பார்த்த ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவச் செலவில் நிர்வாகத்துக்கு மட்டும் 34 சதவீதம், தலைக்கு 2,497 டாலர் என்கிறது. கனடாவில் 17 சதவீதம், தலைக்கு 551 டாலர். எழுதியவர்கள் ஒற்றைக் காப்பீடு (எல்லோருக்கும் அரசே ஒரே காப்பீடாகப் பணம் கொடுக்கிற முறை) வேண்டும் என்று பல காலமாகப் போராடுகிற மருத்துவர்கள், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் எங்கள் மாடியைப் பார்த்தவனுக்கு அந்த எண் ஆச்சரியம் தராது.

அப்புறம் ஏன் வரிசை? இங்கேதான் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பழமைவாதச் சிந்தனைக் குழு (ஃப்ரேசர் இன்ஸ்டிட்யூட், சந்தைப் பக்கம் சாய்ந்தது) வருடாவருடம் கனடா மருத்துவர்களைக் கேட்டுப் போடுகிற கணக்கில், 2024-ல் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்ததிலிருந்து நிபுணரின் சிகிச்சை கிடைக்கும் வரை நடு மதிப்பு 30 வாரம். எண்ணோடு சண்டை போடலாம், வரிசை இருப்பதோடு போட முடியாது. காரணத்தைத் தேடினால் மறுபடியும் அந்த எம்.ஆர்.ஐ. மெஷினிடமே வந்து நிற்கிறோம். அமெரிக்க ஸ்கேன் சென்டருக்கு ஒவ்வொரு முழங்காலும் வருமானம். எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு லாபம், ஆகவே மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கனடா ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று பெரும்பகுதி பணம் மொத்தமாக வந்துவிடும். அதற்குள் ஓட்ட வேண்டும். அங்கே ஒவ்வொரு முழங்காலும் செலவு. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை நோயாளிகளின் எண்ணிக்கையைவிட பட்ஜெட்தான் தீர்மானிக்கும். 10 லட்சம் பேருக்கு அமெரிக்காவில் 40-ஐ ஒட்டி எம்.ஆர்.ஐ. மெஷின்கள் இருந்தால், கனடாவில் 10 அளவுக்குத்தான். தம்பியின் அவசரமும் அத்தானின் காத்திருப்பும் இரண்டு நாட்டு மருத்துவர்களின் சுறுசுறுப்பில் இல்லை, அந்த மெஷினை வரவில் எழுதுகிறார்களா செலவில் எழுதுகிறார்களா என்பதில் இருக்கிறது.

ஆனால் விலையைக் கட்டினால் வரிசை வந்தே தீரும் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் மக்கள்தொகைக்கு அமெரிக்காவைவிட எம்.ஆர்.ஐ. மெஷின்கள் அதிகம். விலையோ மிகக் குறைவு. இத்தனைக்கும் அங்கே ஒற்றைக் காப்பீடு கிடையாது. ஆயிரக்கணக்கில் காப்பீட்டு நிதிகள் இருக்கின்றன. விலைப் பட்டியல் மட்டும் ஒன்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசு அதைத் திருத்தும், எந்த நிதியிலிருந்து வந்தாலும் அதே விலை. கருவி செய்கிறவர்கள் அந்த விலைக்குள் கட்டுப்படியாகிற மாதிரி சின்ன மெஷின்களைச் செய்ய வேண்டியதாயிற்று. ஜெர்மனியிலும் பல காப்பீட்டு நிதிகள்தான், அவை ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்து பேசுகின்றன. அவ்வளவு தூரம் எதற்கு, அமெரிக்காவுக்குள்ளேயே மேரிலாந்து மாநிலத்தில் 1970-களிலிருந்து ஓர் ஆணையம் ஆஸ்பத்திரிகளுக்கு விலை குறித்துக் கொடுக்கிறது. தனியாரோ மெடிக்கேரோ, அந்த விலையை ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒற்றைக் காப்பீடா பல காப்பீடா என்று குழுவில் நாங்கள் போட்ட சண்டை பாதிக்கு மேல் வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காசு கொடுப்பவர் ஒருவரா நூறு பேரா என்பதைவிட, அந்த நூறு பேரும் ஒரே விலை கொடுக்கிறார்களா என்பதுதான் பெரிய கேள்வி. ஒருவரே கொடுத்தால் விலையும் தானாக ஒன்றாகிவிடும், பில்லிங் வேலையும் சுருங்கிவிடும். அது அதன் வசதி. அந்த ஒருவர் கையை இறுக்கினால் போக வேறு வாசல் இல்லை. அது அதன் கஷ்டம்.

சஸ்காட்சுவானில் 23 நாள்

ஒரே விலை என்று சொல்வது சுலபம். விலை என்பது யாரோ ஒருவருடைய வருமானம். கனடாவில் இது முதலில் நடந்த சஸ்காட்சுவான் மாகாணத்தின் கதையை அத்தானே முழுசாகக் கேட்டதில்லை என்றார். டாமி டக்ளஸ் அங்கே முதல்வராக இருந்தவர். சின்ன வயதில் கால் எலும்பில் சீழ் வைத்து, வெட்டியே ஆக வேண்டும் என்ற நிலை. வின்னிபெக்கில் ஒரு சர்ஜன், மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற நிபந்தனையோடு இலவசமாக அறுவை செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு பையனின் கால் தப்புவது ஒரு டாக்டரின் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்று டக்ளஸ் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்வாராம். 1947-ல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாகாணக் காப்பீடு கொண்டுவந்தார். மருத்துவர் கட்டணத்துக்கும் காப்பீடு என்ற சட்டம் 1962 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது அவர் மத்திய அரசியலுக்குப் போயிருந்தார். உட்ரோ லாய்ட் முதல்வர்.

அன்றைக்கே மாகாணத்தின் பெரும்பாலான மருத்துவர்கள் கடையை மூடினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சை மட்டும். எங்கள் டாக்டர்களைக் காப்போம் என்று ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பின. மக்களில் ஒரு பகுதியே மருத்துவர்கள் பக்கம் நின்றது. அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. 23 நாள் இழுத்த பிறகு, பிரிட்டனிலிருந்து வந்த டெய்லர் பிரபு என்ற மருத்துவர் நடுவில் நின்று பேசி சஸ்கட்டூனில் ஒப்பந்தம் போட்டார்கள். அரசு அதில் கொடுத்தது நிறைய. மருத்துவர்கள் அரசுச் சம்பளக்காரர்கள் ஆகவில்லை, பார்த்த நோயாளிக்கு இவ்வளவு என்ற முறையே நீடித்தது. இன்று அத்தானின் மருத்துவர் சொந்தக் கிளினிக் வைத்திருப்பதற்கும் ஏ007 என்று கணக்கு எழுதுவதற்கும் வேர் அந்தச் சமரசத்தில் இருக்கிறது. மருத்துவர்களுக்கும் ஒரு லாபம் கிடைத்தது: பார்த்த எல்லோருக்கும் காசு வந்துவிடும், வராக் கடன் என்ற தலைவலி போய்விட்டது. மத்திய அரசு 1966-ல் சட்டம் போட்டு, 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும்தான் முதலில் காப்பீடு வந்தது என்பதால், வீட்டில் சாப்பிடுகிற மருந்துக்கும் பல்லுக்கும் இன்றும் கனடாவில் பெரும்பாலானோர் கம்பெனி இன்சூரன்ஸையோ சொந்தப் பணத்தையோதான் நம்பியிருக்கிறார்கள். எல்லாமே இலவசம் என்று இங்கிருந்து நினைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் பல் வலியில் தெரிந்துகொள்வார்கள்.

ஒருவர், மூன்று ஊர்

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் வில்லியம் ஷாவ் என்ற ஹார்வர்ட் பொருளாதார நிபுணர். ஒவ்வொரு மருத்துவச் சேவைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு உழைப்பு, எவ்வளவு செலவு என்று ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிற முறையை 1980-களில் உருவாக்கியது அவர் தலைமையிலான குழு. 1992 முதல் மெடிக்கேர் மருத்துவர்களுக்குக் கொடுப்பது அதன்படிதான். அந்த இரவு நான் பார்த்த 200 டாலர் சொச்சத்தின் பின்னால் இருந்தது இவர்கள் போட்ட கணக்கு. தனியார் ஒப்பந்தங்கள்கூட மெடிக்கேர் விலையில் இத்தனை சதவீதம் என்றே பல இடங்களில் எழுதப்படுகின்றன. அதாவது பொது விலைப் பட்டியல் அமெரிக்காவிடம் இல்லாமலில்லை. கையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஆளுக்கொரு பெருக்கல் போடுகிறார்கள்.

அதே ஷாவைத் தைவான் அரசு 1989-ல் ஆலோசனைக்கு அழைத்தது. பல நாடுகளின் முறைகளைப் பார்த்துவிட்டு ஒற்றைக் காப்பீட்டுக்குத் திட்டம் போட்டார்கள். 1995 மார்ச்சில் தொடங்கியது. அதுவரை மக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குக் காப்பீடு இல்லை, வருடக் கடைசிக்குள் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே வந்துவிட்டார்கள். இன்று கையில் ஒரு சிப் அட்டை, எந்த கிளினிக்கிலும் நுழையலாம், நிர்வாகச் செலவு ஓரிரண்டு சதவீதத்துக்குள். மருத்துவர்கள் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார்கள் என்ற குறை உண்டு, அதுவும் விலைப் பட்டியலின் விளைவுதான்: ஆளுக்குக் கொஞ்சம் என்றால் நிறைய ஆள் பார்த்தால்தான் கட்டும்.

மூன்றாவது ஊர் அமெரிக்காவின் சின்ன மாநிலமான வெர்மான்ட். அங்கேயும் ஷாவ் திட்டம் போட்டுக் கொடுத்தார். 2011-ல் சட்டமும் நிறைவேறியது. 2014 டிசம்பரில், அதை ஆதரித்துத் தேர்தலில் நின்ற கவர்னர் பீட்டர் ஷும்லினே கைவிட்டார். தேவைப்பட்ட வரி, நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் 11.5 சதவீதம், தனிநபர் வருமானத்தில் 9.5 சதவீதம் வரை. கேட்டவுடனே தலை சுற்றும். ஆனால் தம்பி இப்போது எவ்வளவு கொடுக்கிறான் என்று உட்கார வைத்துக் கேட்டேன். அவன் சம்பளத்தில் பிடிப்பதை மட்டும் சொன்னான். 2024-ல் அமெரிக்கக் கம்பெனிகள் வழியாக வாங்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் வருடத்துக்கு 25,572 டாலர்; ஊழியர் கையிலிருந்து போவது அதில் 6,296 மட்டும். மீதி கம்பெனி கொடுப்பது, அதாவது சம்பள உயர்வாக வந்திருக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் சம்பள உயர்வைத் தடை செய்தபோது, ஆளைப் பிடிக்கக் கம்பெனிகள் இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பித்தன. அதற்கு வரி இல்லை என்றானதும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 19,000 டாலர் கண்ணில் படாமல் போகிறது, வலிப்பதில்லை. அதில் பாதியை வரி என்று கேட்டால் தெருவுக்கு வந்துவிடுவார்கள். "அப்ப கம்பெனி அந்தக் காசை எனக்கு ஏத்திக் குடுக்கும்னு எழுதித் தருவியா?" என்று கேட்டான் தம்பி. நியாயமான கேள்வி. யாராலும் எழுதித் தர முடியாது. வெர்மான்ட்டிலும் அந்த இடத்தில்தான் பலர் பின்வாங்கியிருப்பார்கள்.

இதில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, மறைக்கப் பிரியமில்லை. நிர்வாகச் செலவான அந்த 34 சதவீதத்தில் ஒரு துளி என் அப்பாவின் கண் ஆபரேஷனாகவும் வீட்டு மாடிக்கு போட்ட தளமாகவும் ஆகியிருக்கிறது. டிகிரி முடித்து, ஓரளவு இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு முதல் சம்பளம் கொடுத்தது அமெரிக்காவின் இந்தக் குழப்பம்தான். ஒரு நாடு நாளைக்கு ஒரே விலை, ஒரே ஃபாரம் என்று முடிவெடுத்தால் முதலில் காலியாவது எங்கள் மாடி. கேப்பில் திரும்பும்போது இதைச் சொன்னால் டிஎல் அண்ணா, "அவங்க அதுக்குள்ள மாற மாட்டாங்கடா, நீ இஎம்ஐ கட்டு" என்பார். அவர் சொன்னது ஒரு விதத்தில் சரியாகிவிட்டது: அமெரிக்கா மாறவில்லை, வேலை மாறிவிட்டது. இன்னும் அங்கேயே இருக்கிற நண்பன், க்ளெய்ம் நிலவரம் பார்ப்பதையெல்லாம் இப்போது பாட் என்கிற தானியங்கி சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது, சிக்கலான டினையல் மட்டும்தான் தங்களுக்கு வருகிறது என்கிறான். மறுக்கிறதும் சாஃப்ட்வேர், மறுத்ததற்கு மேல்முறையீடு எழுதுகிறதும் சாஃப்ட்வேர். நிர்வாகச் செலவு இதனால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப எனக்கு மனசு வரவில்லை; இரண்டு பக்கமும் இன்னும் வேகமாகச் சண்டை போடும், அவ்வளவுதான்.

அத்தானுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. சவ்வு லேசாகத்தான் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார்கள். காத்திருந்த மாதங்களில் வலியும் பாதி குறைந்திருந்தது என்று அவரே சொன்னார், தம்பி இருக்கிற குழுவில் சொல்லாமல் என்னிடம் தனியாக. இப்போது அவருக்கு வேறு பிரச்சினை. குடும்ப மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மாகாண அரசின் ஹெல்த் கேர் கனெக்ட் பட்டியலில் குடும்பத்தோடு பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காய்ச்சல் என்றால் முன்பதிவில்லாத கிளினிக்கில் போய் உட்கார வேண்டியதுதான். "அப்ப நியூ ஜெர்சிக்கு வந்துடுறீங்களா?" என்று கேட்டதற்கு, "அவன் போன மாசம் பையனுக்குக் கை முறிஞ்சப்போ ஆம்புலன்சக் கூப்பிடாம கார்லயே கூட்டிட்டுப் போனானாம், பில்லுக்குப் பயந்து. இங்க ஓஹிப் அட்டை இருந்தா 45 டாலர்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒரு டாக்டரைக் கண்டுபிடிச்சுக் குடுங்கப்பா" என்றார்.